சித்தப்பா உட்கார்ந்த நாற்காலி

பாதி படித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு சாவு வீட்டுக்குள் நுழைந்தவள் நான். இதை ஒப்புக்கொள்ள இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

1991. சென்னையில் எம்.ஏ. உளவியல் முதலாண்டு. கெஸ்டால்ட் பாடம் ஆரம்பித்து மூன்றே வாரம். மனசு எதையும் துண்டு துண்டாகப் பார்க்காது, முழு உருவமாகத்தான் பார்க்கும். ஒன்றை உற்றுப் பார்த்தால் மற்றதெல்லாம் பின்னணியாக ஒதுங்கிவிடும் என்று படித்திருந்தேன். (பரீட்சையில் இதற்கு நல்ல மதிப்பெண். வீட்டில் பூஜ்யம்.)

வடக்குப்பட்டில் என் சித்தியின் ஒரே மகன் செல்வம் அந்த வருடம்தான் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான். காலை ஷிஃப்டுக்குச் சைக்கிளில் போனவன் லாரியில் அடிபட்டு இறந்துபோனான். மூன்று மாதமாகச் சித்தி அழவே இல்லை. சோறும் இறங்காமல் ஆள் பாதியாகிவிட்டாள். "இப்படியே கெடந்தா அவளும் போயிடுவா" என்று அம்மா புலம்பினாள். நான் இருக்கும்போது என்ன கவலை என்று பஸ் ஏறினேன்.

முதலில் ஒரு சோதனை. அட்டையில் இருக்கும் புள்ளி உருவங்களைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும். (அட்டைகளைக் கல்லூரியில் யாரையும் கேட்காமல் எடுத்து வந்திருந்தேன்.) சித்தி முதல் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"சாவு வூட்ல புள்ளி வெக்கறதில்ல மீனா."

வாசலில் கோலம் இல்லை என்பதையே அப்போதுதான் கவனித்தேன். அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் என் கைவசம் காலி நாற்காலி சிகிச்சை இருந்தது. இறந்தவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். சித்தி வீட்டில் நாற்காலியே கிடையாது. பந்தல் சாமான் வாடகைக்கு விடுபவரிடம் போனேன்.

"ஒரே ஒரு சேரா? இன்னா விசேஷம்மா?"

"சிகிச்சைங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாடகை வேண்டாம் என்று கொடுத்தனுப்பினார்.

அதை நடுவீட்டில் போட்டேன். "சித்தி, இதுல செல்வம் உக்காந்துகினு இருக்கான்னு நெனச்சிக்கோங்க. அவன்கிட்ட பேசுங்க."

"அவன் என்னிக்கி சேர்ல உக்காந்தான்? கீழதான உக்காருவான்."

(புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை.) கெஞ்சிப் பார்த்தேன். சித்தி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள். "அன்னிக்கி ஒடம்பு கொதிச்சிதேடா கண்ணு. வேலைக்குப் போவலன்னுதான சொன்ன..."

நோட்டைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா ஷிஃப்ட் முடிந்து உள்ளே வந்தார். செருப்புக் கழற்றிய சத்தம் கேட்டும் நான் சித்தியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாவம் மனுஷன், எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்ற கால். வீட்டில் அதிசயமாக ஒரு நாற்காலி. உட்கார்ந்துவிட்டார்.

சித்தி நிறுத்தவில்லை.

"தூங்கினு இருந்தவன எழுப்பி அனுப்சது நீதான? லீவு போட்டா சூப்ரவைசர் கோச்சிப்பாருன்னு சொன்னல்ல?"

சித்தப்பாவை அவள் 'நீ' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் எழுந்திருக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா. நான்தான் எழுப்னேன்."

சித்தி அழுதாள். மூன்று மாதத்து அழுகை. தெருவே திரண்டு வந்துவிட்டது. நான் நோட்டில் 'வெற்றி' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். (அந்த நோட்டைப் பிறகு அடுப்பில் வைத்தேன்.) நாற்காலியில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சித்தி சாப்பிட ஆரம்பித்தாள், பிழைத்துக்கொண்டாள். சித்தப்பா மட்டும் அதற்குப் பிறகு எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் நுழைந்தால் யாராவது குரல் கொடுப்பார்கள்: "காலி சேரெல்லாம் மடிச்சி வெய்ங்கப்பா, மீனா வருது." எல்லோரும் சிரிப்பார்கள். சித்தப்பாவும் சிரிப்பார், சுவரில் சாய்ந்து நின்றபடி. நான் போய் அவர் பக்கத்தில் நின்றுகொள்வேன்.