கேட்டில் காய்ந்த வேப்பம்பூ

வாணியம்பாடியில் இருக்கும் அருமைத் தங்கை அமீனா பீக்கு, ராயப்பேட்டையிலிருந்து உன் அண்ணன் பீர் முஹம்மது சொல்ல, பக்கத்து வீட்டு கருணாகரன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே நானும் மருமகள் நாஸியாவும் பேத்தி ஜோயாவும் சுகம். லீவு முடிந்து ஷார்ஜா திரும்பிய மகன் ஃபைசானும் சுகம். உன் சுகத்தைக் கேட்கலாம் என்றால் பெருநாளுக்குப் பிறகு நீ போனை எடுப்பதே இல்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது என்பதைக்கூட நான் இங்கே உட்கார்ந்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். கருணாகரன் சார் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவர். நான் 'கீது' என்றால் அவர் 'இருக்கிறது' என்று எழுதுகிறார். ஆகவே இந்தக் கடிதம் மரியாதையாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

எல்.ஐ.சி. கட்டிடத்தில் தீப்பிடித்து மவுண்ட் ரோடு முழுக்கச் சனம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதே, அதற்கு அடுத்த கோடையில் நம் அத்தா செய்த ஒரு காரியத்தை நீ இப்போது தூக்கி என் தலையில் வைத்திருக்கிறாய். நாஸியா போனுக்கு நீ பேசி அனுப்பியதை அவள் எனக்குப் போட்டுக் காட்டினாள். "அண்ணனுக்கு அத்தா புத்தி வந்துட்டுது. வாசல்ல வேப்பிலை கட்டி விருந்தாளிய விரட்டுற புத்தி. நல்லா இருக்கட்டும்." அவ்வளவுதான், அதற்கப்புறம் உன் குரலே இல்லை. நாஸியா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, "மாமா, அத்தை யாரைச் சொல்றாங்க?" என்று என்னைப் பார்த்தாள். என்னைத்தான் சொல்கிறாய் என்பது எனக்கு முதல் தடவையே புரிந்தது. ஏன் சொல்கிறாய் என்பதுதான் புரியவில்லை. அது புரிய இசக்கிமுத்து வர வேண்டியிருந்தது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் நீ வந்தபோது கொண்டுவந்த பேடாவில் என் சர்க்கரை ஏறி, டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு நாஸியாவைத் திட்டினார். அன்றிலிருந்து இந்த வீட்டில் என் வாய்க்கு நாஸியாதான் காவல். பங்குனி வெயில் தொடங்கினால் உடம்பைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அவள் போனில் ஒருவர் தினமும் வந்து பேசுகிறார். அவர் பேச்சைக் கேட்டு நான் காலையில் லஸ் முனை வரை நடக்கிறேன், சாமை சாப்பிடுகிறேன், பெருநாளன்று என் தட்டுக்கு வந்த பிரியாணியில் ஆட்டைவிட வெள்ளரிக்காய் அதிகம். இந்தக் கவனத்தில்தான் அவள் உன்னிடம், "அத்தை, இந்தத் தடவை பேடா வேணாம், வெறும் கையோட வாங்க" என்று சொல்லியிருக்கிறாள். நீ அதை 'வராதே' என்று எடுத்துக்கொண்டாய் என்பது அப்போதே எனக்குத் தெரியும். நீ பதில் பேசாமல் 'ம்' என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது.

அந்த வாரம் மின்சார வாரியத்து ஆட்கள் வந்து, நம் வீட்டெதிரில் இருக்கும் வேப்பமரத்தில் கம்பியைத் தொடும் கிளைகளை வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். கிளை முழுக்கப் பூ. கருணாகரன் சாரின் சம்சாரம் தங்கபுஷ்பம், "வேப்பம்பூவக் காயவெச்சு வறுத்து ரசம் வெச்சுக் குடுத்தா சுகரு அப்படியே எறங்கிடும், எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான்" என்று சொல்ல, நாஸியா கிளைகளை அள்ளி வந்தாள். பூவை நிழலில்தான் காயவைக்க வேண்டுமாம். மாடியில் வெயில். பால்கனியில் பெருநாள் துணி. நிழலும் காற்றும் இருக்கிற ஒரே இடம் கேட். நானே என் கையால் கொத்துக் கொத்தாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டேன். உதிரும் பூ வீணாகாமல் இருக்கக் கீழே ஒரு வெள்ளைத் துணியும் விரித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளேயிருந்து பார்த்தால்.

மறுநாளிலிருந்து தெரு மாறிவிட்டது. பால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்து உடைக்கிறவன் அன்று அதைப் பிள்ளையைக் கிடத்துவது போலக் கிடத்திவிட்டுப் போனான். தண்ணீர் லாரிக்காரன் நம் வீட்டருகே ஹாரன் அடிக்கவில்லை. எதிர் வீட்டில் மிக்சி ஓடுகிற சத்தம் நின்றது. தங்கபுஷ்பம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து இளநீரும் நுங்கும் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, ரொம்பத் தணிந்த குரலில், "எப்படி இருக்கு பாய்?" என்று கேட்டது. நான் பூவைக் கேட்கிறது என்று நினைத்து, "நல்லா காஞ்சுக்கினு வருது, சீக்கிரம் உதிர்ந்துடும்" என்றேன். அது இரண்டு கையையும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. (இந்த இடத்தில் கருணாகரன் சார், "பாய், இதெல்லாம் எழுதணுமா?" என்கிறார். எழுதுங்கள் சார், என் தங்கைக்கு எல்லாம் தெரிய வேண்டும்.) சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை மரியாதையை நான் இந்தத் தெருவில் பார்த்ததில்லை. வயசுக்குக் கொடுக்கிறார்கள், கடைசியில் புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு நுங்கை முழுக்கத் தின்றேன்.

பூ எல்லாம் உதிர்ந்த பிறகு நான் கொத்தை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது, முனையில் இஸ்திரி போடும் இசக்கிமுத்து வந்து தள்ளி நின்றான்.

"தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா பாய்?"

"யாருக்குடா?"

"இன்னா பாய் இப்டி கேக்கறே? வூட்ல அம்மா எறங்கிகீதுன்னு தெருவே பேசிக்கினு கீது. பாப்பாவுக்கா, மருமவளுக்கா?"

எனக்கு அப்போதுதான் கேட்டை வெளியிலிருந்து பார்க்கத் தோன்றியது. வேப்பிலை, வெள்ளைத் துணி, பக்கத்தில் இளநீர் மட்டைகள். அம்மை போட்ட வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும். அவன் அதோடு விடவில்லை.

"உன் தங்கச்சி அன்னிக்கே வந்துச்சே, ஆட்டோவுல. கேட்ட பாத்துட்டு ஆட்டோக்காரன் கன்னத்துல போட்டுக்கினான். உள்ள போவலியாம்மான்னு கேட்டேன். 'சொல்ல வேண்டியத வாசல்லியே சொல்லிட்டாங்கப்பா'ன்னு சொல்லிட்டு வண்டிய திருப்பிக்கினு பூட்ச்சு. மடியில ஒரு பெரிய பை வெச்சுக்கினு இருந்துச்சு."

"ஏண்டா அன்னிக்கே சொல்லலே?"

"அம்மா வந்த வூட்டாண்ட வந்து பேசுவாங்களா பாய்?"

அந்தப் பையில் பேடாதானே, அமீனா? வெறும் கையோடு வா என்று சொன்ன வீட்டுக்கு முழங்கால் வலியோடு ரயில் ஏறி, வேண்டுமென்றே பேடாவைச் சுமந்துகொண்டு வந்து, தெருமுனையிலிருந்து திரும்பியிருக்கிறாய். நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, மற்றதும் வருகிறது.

'எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிற உனக்கு, கேட்டில் கட்டும்போது அத்தா கட்டிய வேப்பிலை தோன்றவில்லையா' என்று நீ கேட்பாய். தோன்றவில்லை. நான் ஞாபகம் வைத்திருப்பது வேறு. அந்தக் கோடையில் உனக்கு எட்டு வயசு, எனக்கு மீசை முளைத்து தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை மடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஆம்பூரிலிருந்து அம்மாவின் அண்ணன் அப்துல் கரீம் மாமா, பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மாமியோடு வந்து இறங்குவார். மெட்ராஸ் காற்று உடம்புக்கு நல்லது என்பார். மாம்பழம் முடிந்தால்தான் கிளம்புவார். வீட்டில் ஒரே கட்டில். அத்தா வேலை முடிந்து வந்தால் அதில் மாமா படுத்திருப்பார். சம்சாரத்தின் அண்ணனை வராதே என்று எந்த வாயால் சொல்வது? அதனால்தான் அந்த வருஷம் மாமா வரும் நாளில் அத்தா வாசலில் வேப்பிலையைக் கட்டி, அம்மாவின் மருதாணியை எடுத்து உன் முகத்திலும் கையிலும் பொட்டுப் பொட்டாக வைத்து, "முனகு" என்று சொல்லிப் படுக்கவைத்தார். இதுவரை உனக்குத் தெரியும். வாசலிலேயே மாமா பயந்து ஓடிவிடுவார் என்பது அத்தாவின் எண்ணம்.

மாமா வேப்பிலைக்குக் கீழே தலையைக் குனிந்து உள்ளே வந்தார். "புள்ளைக்கு அம்மையா? எனக்குத்தான் சின்ன வயசுலயே வந்து போயிட்டுதே. நான் பாத்துக்கிறேன், நீங்க உங்க வேலைய பாருங்க" என்று உன் தலைமாட்டில் உட்கார்ந்தார். அம்மை வீட்டுக்குள் வந்தவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியூர் போகக் கூடாது என்று தெருவே வந்து சொன்னது. தாளிக்கக் கூடாது, கறி மீன் கூடாது. மாமா தயிர்ச்சோறு தின்று மினுமினுத்தார், அத்தா இளைத்துப்போனார். மருதாணியோ நாளுக்கு நாள் சிவந்ததே தவிர மங்கவில்லை.

இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாது. நீ கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தாய். அப்போதெல்லாம் பெரியம்மை எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று கார்ப்பரேஷனிலிருந்து வீடு வீடாகத் தேடி ஆள் வருவார்கள். அப்படி ஒருவர் வந்தார். உன் கையைப் பிடித்து, பொட்டைத் தேய்த்து, விரலை மோந்து பார்த்தார். அத்தாவைத் திரும்பிப் பார்த்தார். அத்தாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது மாமா எழுந்து, "சார், சூட்டு உடம்பு, குளிர்ச்சிக்கு நான்தான் மருதாணி வெக்கச் சொன்னேன். மேல இருக்கறது மருதாணி, கீழ இருக்கறது அம்மை" என்றார். வந்தவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மாமா மறுபடி உட்கார்ந்து உனக்கு விசிற ஆரம்பித்தார். அத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, கடைசிவரை கேட்கவில்லை. சாயங்காலம் அத்தா ஒரு கூடை மாம்பழம் வாங்கி வந்து மாமா பக்கத்தில் வைத்துவிட்டு, கட்டிலைப் பார்க்காமல் தரையில் தானே பாய் விரித்துக்கொண்டார். உனக்குத் தலைக்கு ஊற்றி முடிந்து மாமா கிளம்புகிறேன் என்றபோது, "மாம்பழம் இன்னும் முடியலியே மச்சான்" என்று சொன்னதும் அத்தாதான். அதற்கப்புறம் ஒவ்வொரு லீவுக்கும் மாமாவை அழைத்துவர எழும்பூர் ஸ்டேஷனா சென்ட்ரலா என்று விசாரித்துக்கொண்டு அத்தாவே போவார்.

ஆகவே அத்தா புத்தி என்று நீ சொல்வதில் பாதிதான் சரி. தன்னை விரட்டக் கட்டியதையே நிஜமென்று நம்பி மாமா உள்ளே வந்தார். நான் சும்மா பூ காயவைத்தேன், நீ அதைப் பொய் என்று நம்பித் திரும்பிப் போய்விட்டாய். உனக்கும் எனக்கும் நடுவில் பிறந்தவர்கள் ஒருவரும் தங்கவில்லை. வருஷத்தில் இந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் நமக்கு லீவு. அடையாறு பக்கம் கடற்கரைக்கு ஆட்டோவில் போய் உட்கார்ந்து, நீ வாணியம்பாடியைத் திட்ட, நான் ராயப்பேட்டையைத் திட்ட, அந்தக் காற்றில்தான் என் சர்க்கரை இறங்குகிறது, வேப்பம்பூவில் இல்லை. நாஸியாவே, "அத்தை வந்தா போதும் மாமா, பேடாவை நான் தின்னுக்கறேன்" என்கிறாள். இந்த வீட்டில் அம்மை இல்லை. வேப்பிலை ஒன்றுகூட இல்லை. யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. நம்பி ரயில் ஏறு.

உன் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் எல்லோருக்கும் என் துஆ. அல்லாஹ் உன் முட்டிக்கு பலத்தையும் மனசுக்குக் கொஞ்சம் இளக்கத்தையும் தருவானாக. நாஸியா ஸலாம் சொல்கிறாள். கருணாகரன் சாரும் தங்கபுஷ்பமும் விசாரித்ததாகச் சொல்லச் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
பீர் முஹம்மது, இடது கைப் பெருவிரல் ரேகை

பின்குறிப்பு: மேலே எழுதியதில் அம்மை இல்லை, வேப்பிலை இல்லை என்ற இடத்தை அடித்துவிட்டுப் படி. உறையை ஒட்டும்போது ஜோயா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கழுத்தில் கொப்புளம், உடம்பு கொதிக்கிறது. டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சின்னம்மைதான் என்றார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் முன்னே வராதவர்கள் கிட்டே போகக் கூடாது என்றார். தங்கபுஷ்பம் இந்தத் தடவை தானே வந்து கேட்டில் வேப்பிலை கட்டிவிட்டது. நாஸியாவுக்கு அம்மை வந்ததில்லை, அதோடு இது அவளுக்கு ஐந்தாம் மாதம். நீ வந்ததும் நேரில் சொல்ல வேண்டும் என்று மறைத்து வைத்திருந்த செய்தி. அவளையும் என்னையும் கருணாகரன் சார் தன் வீட்டு மாடிக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார், எனக்கும் வந்ததில்லை. பிள்ளையைத் தங்கபுஷ்பம் பார்த்துக்கொள்கிறது. நல்ல மனுஷி, ஆனால் எத்தனை நாளைக்கு அவளைக் கேட்பது? ஜோயா ஜன்னல் வழியாக என்னிடம், "நம்ம வீட்ல யாருக்குமே வந்ததில்லையா?" என்று கேட்கிறாள். யோசித்துப் பார்த்தேன். அடையாற்றில் வெள்ளம் வந்த வருஷம் உனக்கு நிஜமாகவே போட்டதே, உன்னைப் பார்த்துக்கொண்டதில் அம்மாவும் அம்மை கண்டு படுத்தாள், அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் அத்தாவும் படுத்தார், நான் ஜவுளிக்கடையிலேயே தங்கித் தப்பித்தேன். மாமாவுக்கு முன்பே வந்தாயிற்று, மாமிக்கும்தான். அம்மா இல்லை. அத்தா இல்லை. மாமா இல்லை, மாமியும் போன வருஷம் போய்விட்டாள். பிள்ளையிடம் ஒரே ஒரு பேர்தான் சொல்ல முடிந்தது: அமீனா பீ.