புரூஃப் சாரும் தீர்ந்துபோன 'ஷ்' எழுத்தும்

ஒரே வருஷத்தில் பதினோரு தடவை உலகத்தைப் பற்றிய அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்ட மனிதர் மதுரையில் ஒருவர்தான் இருந்தார். பதினோரு தடவையும் மனசார நம்பினார். அதுதான் எங்களுக்குப் பிரச்சினை.

எண்பதுகளின் தொடக்கம். வடக்கு ஆவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் நான் பைண்டர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பிழை திருத்துவது அவர் வேலை. அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. புரூஃப் சார் என்றால் புரூஃப் சார்தான்.

கே.கே. நகரில் குடியிருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகளுக்காக இந்தியத் தத்துவங்கள் எல்லாவற்றையும் ஒரே புத்தகமாக எழுதி எங்களிடம் அச்சுக்குக் கொடுத்தார். எழுதி முடித்த வரிசையில் அனுப்புவார். புத்தகத்தின் வரிசை அவருக்கே கடைசியில்தான் தெரியும். எங்கள் அச்சகத்தில் ஈய எழுத்துகள் குறைவு. பதினாறு பக்கம் கோர்த்தால் காலி. அதை ஒரு பாரம் என்போம். ஒரு பாரத்தைக் கோர்த்து, திருத்தி, அச்சடித்து, எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்ட பிறகுதான் அடுத்த பாரம். அதற்கு எட்டுப் பத்து நாளாகும். அந்த எட்டுப் பத்து நாளும் எந்தத் தத்துவத்தின் பாரம் மேஜையில் இருக்கிறதோ, புரூஃப் சார் அந்தத் தத்துவக்காரர். எழுத்தைப் பிரித்துப் போட்டதும் அவர் கொள்கையும் பிரிந்து பெட்டிக்குள் போய்விடும்.

முதலில் வந்தது சார்வாகம். கண்ணும் காதும் சொல்வதை மட்டும் நம்பு, ஊகிக்காதே என்கிற கட்சி. அமாவாசை விரதத்தை ஒரு தடவைகூடத் தவறவிடாத மனிதர், அந்த அமாவாசையன்று கறிதோசை தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தார். முதலாளி மாடியிலிருந்து, "யோவ், புரூஃப் என்னய்யா ஆச்சு?" என்று கத்தினார். புரூஃப் சார் அசையவில்லை.

"சார், மொதலாளி கூப்பிடுறாரு."

"சத்தம் கேக்குது. அதை ஒத்துக்கிறேன். மேல மொதலாளி இருக்காருங்கறது உன்னோட ஊகம்."

முதலாளி இறங்கிவந்து தன்னை நிரூபித்தார்.

அடுத்தது நியாயம். எதையும் காரணம் காட்டி, உதாரணம் சொல்லி நிறுவ வேண்டும். ஒரு மத்தியானம் யாரோ போட்ட பீடித்துண்டில் கழிவுக் காகித மூட்டை புகைய ஆரம்பித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "சார், புகை!" என்றேன்.

"பதறாத. அங்க நெருப்பு இருக்கு. ஏன்னா, புகை இருக்கு. எங்க புகை இருக்கோ அங்க நெருப்பு இருக்கும். உதாரணத்துக்கு அடுப்படி. அதே மாதிரி..."

நான் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டேன். "முடிவைச் சொல்றதுக்குள்ள அணைச்சுட்டியேப்பா" என்றவர், சாயங்காலம் வரைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அத்வைதத்தில்தான் நான் ரொம்ப அவதிப்பட்டேன். "கட்டிங் மெஷினு, காகிதம், ஒன் விரல்னு தனித்தனியாப் பாக்குறியே, அதுதான் மயக்கம். எல்லாம் ஒண்ணுதாம்ப்பா." நானோ ஏற்கெனவே பயந்தவன். காகிதத்துக்கும் விரலுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் கத்திக்கு மட்டும் எப்படித் தெரியும்? அன்றைக்கு முழுக்க ஒரு நோட்டுக்கூட வெட்டவில்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். என் கல்யாணத்தில் அல்லவா வந்து நின்றது!

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். சம்பந்தம் பேசி முடிப்பதற்கு முன்னால், பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்துக்கு நேரில் வந்து விசாரிப்பார். எங்கள் அச்சகத்தில் வாசலை ஒட்டியே புரூஃப் சார் மேஜை. வெள்ளை வேட்டி, கண்ணாடி, நெற்றியில் திருநீறு. யார் வந்தாலும் அவரைத்தான் கேட்பார்கள்.

திருவாதவூரிலிருந்து ஒருவர் வந்தபோது மேஜையில் பௌத்தம். எல்லாம் கணத்துக்குக் கணம் மாறுகிறது என்கிற பாரம். "இங்க பைண்டர் தம்பி எப்படிங்க?" என்று கேட்டிருக்கிறார். "எந்தத் தம்பி? நேத்து இருந்தவனா, இன்னைக்கு இருக்கிறவனா? நேத்து இருந்தவன் இப்ப இல்லையே" என்று இவர் சொல்லியிருக்கிறார். வந்தவர் துக்கம் விசாரித்துவிட்டுப் போய்விட்டார். அந்த இடம் அதோடு முடிந்தது.

அடுத்து வாடிப்பட்டிப் பெண். தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்திருந்தேன். இது தட்டிப்போனால் எனக்கு ஆயுசுக்கும் கல்யாணம் இல்லை என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது விசிஷ்டாத்வைதம். எல்லா உயிரும், எல்லாப் பொருளும் இறைவனுக்கு உடம்பு என்கிற பாரம். புரூஃப் சார் அச்சு யந்திரத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தெருநாய்க்கு பிஸ்கட் போட்டார். முதலாளியைக்கூட அன்பாகப் பார்த்தார். இதைவிட நல்ல நேரம் வராது என்று தரகரிடம் ஓடினேன். "அண்ணே, புதன்கிழமை வரச் சொல்லுங்க. அதுக்கு முந்தியும் வேணாம், பிந்தியும் வேணாம்."

"ராகுகாலம் பாத்தியா மாப்ள?"

"அதைவிடப் பெருசு ஒண்ணு பாத்துட்டேன்."

சொல்லிவிட்டு, கவலையில் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். புதன் காலையில் போனால் எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர் அண்ணன் சொல்கிறார்: "அந்தப் பாரத்தைப் பாதியிலேயே பிரிச்சாச்சு மாப்ள. வரிக்கு வரி விசிஷ்டாத்வைதம், விசிஷ்டாத்வைதம்னு வந்தா 'ஷ்' எழுத்துக்கு நான் எங்க போவேன்? தீந்துபோச்சு. புது எழுத்து வர்ற வரைக்கும் சமணம் ஓடுது."

சமணம்! எதையும் ஒரே பக்கமாக அடித்துச் சொல்லக்கூடாது; எதற்கும் ஏழு வகையில் பதில் உண்டு என்கிற பாரம். அதற்குள் வாசலில் வாடிப்பட்டி மாமன், மஞ்சள் பையோடு. நான் காகித பண்டலுக்குப் பின்னால் பதுங்கினேன்.

"ஐயா, இங்க பைண்டர் பையன் நல்லவனா?"

"ஒருவகையில நல்லவன்."

"ஒருவகையிலன்னா?"

"இன்னொரு வகையில அப்படிச் சொல்ல முடியாது."

மாமன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். "குடிப்பானா?"

"காப்பியை வச்சுப் பாத்தா, உண்டு. சாராயத்தை வச்சுப் பாத்தா, இல்லை. ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா ரெண்டையும் வச்சுப் பாத்தா, உண்டு, இல்லை. ரெண்டையும் ஒரே நேரத்துல சொல்லுன்னா, சொல்ல முடியாது."

"இம்புட்டுத்தானா?"

"இன்னும் மூணு வகை பாக்கி இருக்கு."

மாமன் எழுந்துவிட்டார். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பண்டலுக்குப் பின்னால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாசற்படி வரை போனவர் திரும்பினார்.

"ஐயா, படிச்சவரு, இப்படிச் சுத்தி வளைக்கிறீங்களே! ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஒங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா இவனுக்குக் குடுப்பீங்களா?"

புரூஃப் சார் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றி சமணத்தின் மேல் வைத்தார்.

"எனக்குப் பொண்ணு கிடையாதுங்க. இருந்திருந்தா, நீங்க வாடிப்பட்டியிலருந்து இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்திருக்க வேண்டியதில்லை. எப்பவோ இவனுக்குக் கட்டி வச்சிருப்பேன்."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"அந்தா, அந்தக் கட்டிங் மெஷினைப் பாருங்க. கத்தியை இறக்குறதுக்கு முந்தி, பக்கத்துல யார் கையாச்சும் இருக்கான்னு மூணு தடவை குனிஞ்சு பாப்பான். எல்லாரும் பயந்தாங்கொள்ளின்னு கேலி பண்ணுவாங்க. நாலு வருஷமா நான் பாக்குறேன். தன் கையை ஒரு தடவை பாப்பான், அடுத்தவன் கையை ரெண்டு தடவை பாப்பான். அம்புட்டுதான் எனக்குத் தெரியும்."

மாமன் பையைக் கீழே வைத்தார். நான் வெளியே வரலாமா கூடாதா என்று தெரியாமல் அங்கேயே இருந்தேன்.

கல்யாணத்துக்குப் புரூஃப் சார் வந்தார். அன்றைக்கு மீமாம்சை பாரம். சடங்கில் எதுவும் பிசகக்கூடாது என்று ஐயரை இரண்டு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தார். பந்தியில் சாம்பார் ஆறிப்போனது.

புத்தகம் முடிந்தபோது பதினாறு பாரத்தையும் மடித்துத் தைத்தவன் நான்தான். வாடிப்பட்டி மாமனிடம் அவர் அன்று எந்தக் கட்சியில் நின்று பேசினார் என்று எனக்கு ஒரே குழப்பம். மடிக்க மடிக்க எழுத்துக் கூட்டித் தேடினேன். சார்வாகத்தில் பார்த்தேன், நியாயத்தில் பார்த்தேன், புது 'ஷ்' போட்டு அச்சான விசிஷ்டாத்வைதத்தில் இரண்டு தடவை பார்த்தேன்.

அவர் சொன்னது எந்தப் பாரத்திலும் இல்லை.