பிள்ளையில்லாத சலூன்காரர்

எதிர் ஆபீஸ் மேனேஜர் கடைக்குள் காலை வைத்ததும் சலூன்காரர் பதறி எழுந்து நாற்காலியைத் தட்டிவிட்டார். வருஷக்கணக்காக இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன், இன்றைக்கென்று வந்து நாற்காலியில் சாய்ந்து, "ஷேவிங்" என்றார்.

நேற்று மகளை இன்டர்வியூ எடுத்தவர் இவர்தான். குடும்பத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பட்டம் வாங்கியும் இரண்டு வருஷமாக வீட்டோடு கிடக்கிறாள். நேற்று இன்டர்வியூவுக்கு அவளோடு வந்தவர்களில் ஒருத்தனுக்கு அப்பா டாக்டராம், இன்னொருத்தனுக்கு மாமாவே டைரக்டராம். இவளுக்கு? சீப்பும் கத்திரியும்!

'அப்பன் தொழில் தெரிஞ்சா கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாது. நமக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை' என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினார். தன் மூளையை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஆனால் கண்ணாடி ஓரத்தில், பட்டமளிப்பு அங்கியோடு மகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளே! சட்டென்று ஒரு துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டார்.

பாதி ஷேவிங்கில், "ஐயோ, கண்ணுல நுரை!" என்று மேனேஜர் கையை நீட்டி அந்தத் துண்டையே உருவினார். துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் பொண்ண எங்கேயோ பாத்திருக்கேனே?"

"காலண்டர்ல பாத்திருப்பீங்க சார். காலண்டர் படந்தான்."

"பக்கத்துல நீங்களும் நிக்கறீங்களே?"

"அது... ஸ்டுடியோக்காரன் ஆசைக்கு ஒட்டிக் குடுத்தான்."

"மூக்குகூட உங்க மூக்கு மாதிரியே இருக்கு."

"மூக்குக்கு என்ன சார், எல்லாருக்கும் மூஞ்சி நடுவுலதானே இருக்கு!"

மேனேஜர் விடுவதாக இல்லை. "உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். பெற்ற மகளை இல்லையென்று சொல்ல எந்த அப்பனுக்கு நாக்கு வரும்? ஆனாலும் அவளுக்காகத்தானே!

"எனக்குக் குழந்தை குட்டியே கிடையாது சார். சத்தியமா!"

அப்பாடா, தப்பித்தோம் என்று மூச்சு விட்டார். மேனேஜர் நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினார்.

"அப்போ, 'எதிர் சலூன்ல இருக்காரே, அவர்தான் எங்கப்பா, சந்தேகம்னா போய்க் கேட்டுப் பாருங்க'ன்னு நேத்து நெஞ்ச நிமித்திச் சொல்லிட்டுப் போன, இன்னிக்கு நாங்க வேலைக்கு எடுத்திருக்கற பொண்ணு யாருங்க?"