மருதாணி வேலியில் ஒரு யானை

வாசல் மருதாணி வேலியை யானையாக்கிக் காட்டுவது என்று தீர்மானித்தேன். எங்கள் பரம்பரையில் முதல் பி.ஏ. நான். ஒரு வேலிகூட என் பேச்சைக் கேட்காதா?

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்தது. ரோமாபுரித் தோட்டக்காரர்கள் அந்தக் காலத்திலேயே செடிகளை மிருகங்களாகக் கத்தரித்தார்களாம். ஓர் உருவம் தேறப் பல வருஷம் ஆகும் என்றும் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிட்டேன். ஆபீசில், "எங்கள் வாசலில் யானையே நிற்கிறது சார்" என்று உளறியும் விட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மாவோடு வந்து பார்க்கிறேன்" என்றார் அதிகாரி. எனக்கோ இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

மனைவி வசந்தாவிடம் சொன்னேன்.

"அவரு வீட்லகூட நீளமா மருதாணி வேலி இருக்குதாமே?" என்றாள். "அது கெடக்கட்டும். பக்கத்து வீட்டு அசீசுன்னிசா அக்கா பொண்ணு சாகிராவுக்கு ஞாயித்துக்கெழம கல்யாணம். மருதாணி நம்ம வேலியில தரேன்னு சொல்லிட்டேங்க."

"செடியில் ஒரு இலையைக்கூடத் தொடக்கூடாது! அது யானையின் உடம்பு."

"சரிங்க. தொடல."

அவ்வளவு சீக்கிரம் அவள் ஒப்புக்கொண்டபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை கத்தரிக்கோலை எடுத்தேன். வசந்தா காபியோடு வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"யானதான். ஆனா, மாசமா இருக்குதா?"

வயிற்றை வெட்டினேன்.

"இப்ப தல பெருசாயிடுச்சி."

தலையை வெட்டினேன்.

"ஒரு காது வெத்தலையாட்டம் இருக்குது, இன்னொண்ணு வாழையெலையாட்டம் இருக்குதே!"

இரண்டையும் வெட்டினேன். செவ்வாயன்று அது குதிரை. புதனன்று ஆடு.

"ஆட்டுக்கு இன்னாங்க இவ்ளோ பெரிய வாலு?"

வாலும் போயிற்று. விழுந்ததையெல்லாம் அவள் உடனுக்குடன் முறத்தில் கூட்டி அள்ளினாள். "ஆபீசர் வராரு இல்ல? வாசல் சுத்தமா இருக்க வேணாமா?" என்ன பொறுப்பு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டில் அம்மி ஓயவில்லை. மறுநாள் பார்த்தால், தெருப் பெண்கள் கையெல்லாம் ஒரே சிவப்பு. என் மனைவியின் கை எல்லாரையும்விடச் சிவப்பு.

"வசந்தா, என் யானை எங்கே?"

உள்ளங்கையை நீட்டினாள். "தோ. செடியில நான் கை வெச்சனா, சொல்லுங்க? வெட்னது எல்லாம் நீங்கதானே!"

ஞாயிறு மாலை அதிகாரி வீட்டம்மாவோடு வந்தார். வாசலில் உச்சி மழுங்கிய ஒரு பச்சைக் குவியல்தான் மிச்சம்.

"யானை எங்கேய்யா?"

எனக்கு இன்னொரு பொய் வரவில்லை. உண்மை சொல்லத் தைரியமும் வரவில்லை.

"செஞ்சியில ஒக்காந்துகினு யான எதுக்குங்க சார்?" என்றாள் வசந்தா. "அதான் இவரு நம்ம ராஜகிரிக் கோட்ட மலையையே வெட்டிட்டாரு."

அதிகாரி தூரத்து மலையைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். "அட, ஆமாய்யா! உச்சி அப்படியே இருக்குதே!" என்று என் முதுகில் தட்டினார். "அடுத்த ஞாயிறு வந்து எங்க வேலியிலயும் ஒரு மலை வெட்டிக் குடுக்கணும்."

"கண்டிப்பா வருவாருங்க" என்றாள் வசந்தா. பிறகு அந்த அம்மாள் பக்கம் திரும்பி, "கூட நானும் மொறத்தோட வரேங்கம்மா. குப்பைய நானே அள்ளிடறேன்."

அவர்கள் போனதும் மெதுவாகக் கேட்டேன்: "அடுத்த கல்யாணம் யாருக்கு?"

"மேல்மலையனூர்ல, எங்க சித்தி பொண்ணுக்கு."

கத்தரிக்கோலைப் பார்த்தேன். நேற்றே சாணை பிடித்து வைத்திருந்தாள்.