மன்னர் செருப்பைக் கழற்றிய இடம்

துளும்பாபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மக்களே வாக்களித்து மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்த மறுநாளிலிருந்து அவர் பாட்டன் முப்பாட்டன் காலம் தொட்டு ஆண்டு வருகிறவரைப் போல நடந்துகொள்வார். மக்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. யாராவது ஒருவர் பல்லக்கில் போனால்தானே வேடிக்கை பார்க்க முடியும்?

இப்போதைய மன்னர் மகிழ்வேந்தருக்குப் படகுச் சவாரி என்றால் உயிர். பட்டத்துக்கு வந்த முதல் ஆண்டே ஓர் ஓடையை மறித்து மண்ணால் அணை போட்டு, உல்லாச ஏரி ஒன்றை உண்டாக்கினார். குடிக்கவும் இல்லை, பாசனத்துக்கும் இல்லை. அன்னப் படகு விடுவதற்கு. அணையின் உயரம் மூன்று ஆள். அரசாணையிலேயே தெளிவாக எழுதியிருந்தார்கள்: 'இது சின்ன அணைதானே என்பதால் இதற்குத் தனி விதிகள் தேவையில்லை.'

அணைக்குக் கீழே கரையடி என்ற ஊர், நாற்பது வீடுகள். அணைக்கு முன்பே அங்கே இருந்த ஊர். மூன்று ஆள் உயரத் தண்ணீர் தலைமாட்டில் நிற்க, அதன் கீழே படுத்துத் தூங்குகிறவர்களுக்கு அணை அவ்வளவு சின்னதாகத் தெரியவில்லை. ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை.

அந்த ஊர் ஒச்சாயிதான் அணைக் காவல். அவளுக்கு வேலை இரண்டு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுவதற்கு அணையின் ஓரத்தில் தாழ்வாக ஒரு வாய் விட்டிருந்தார்கள். அதற்குக் கலிங்கு என்று பெயர். அதில் பாசியும் சருகும் அடைக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்று. தினமும் விடிந்ததும் அணையின் பின்பக்க அடிவாரத்தில் வெறுங்காலோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பது இன்னொன்று. எங்கே ஈரம், எங்கே பொதுபொதுப்பு என்று அவள் பாதமே சொல்லிவிடும்.

அரசாங்கமும் அணையைச் சோதிக்காமல் இல்லை. ஆண்டுதோறும் அணை நலக் குழு வரும். குழுவுக்கு நீராடல் துறை அமைச்சர் வாழ்த்துநம்பி தலைவர். அவர்கள் அன்னப் படகில் ஏறி, சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே அணையின் முன்பக்கத்தை இரண்டு சுற்றுப் பார்த்துவிட்டு, 'அணையின் முகம் பொலிவாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுப்பார்கள். அணைக்கு முதுகு உண்டு என்பது எந்த அறிக்கையிலும் இல்லை. முதுகுப் பக்கம் படகு போகாது அல்லவா?

முதல் கோளாறு அழகிலிருந்து தொடங்கியது. கலிங்கில் தண்ணீர் வழிந்து போவதால் ஏரி ததும்பி நிற்கவில்லை என்று மன்னர் ஒரு மாலை வருத்தப்பட்டார்.

"வெளியேறும் நீர் நன்றி கெட்ட நீர், மன்னா! நம் நாட்டுத் தண்ணீர் நம் நாட்டிலேயே நிற்கட்டும்" என்றார் வாழ்த்துநம்பி.

மறுவாரமே கலிங்கைச் சுவர் வைத்து அடைத்தார்கள். சுவரின் மேல் மரத்தில் செய்த பெரிய அன்னம் ஒன்றை நிறுத்தினார்கள். ஏரி ததும்பியது. மன்னர் மகிழ்ந்தார். அணையின் பின்பக்கம் ஒச்சாயியின் காலில் சிலுசிலுவென்று ஈரம் பட்டது.

அவள் நேரே அமைச்சரிடம் போனாள். "ஐயா, அடியில தண்ணி கசியுது. இப்போ தெளிஞ்ச தண்ணியாத்தான் வருது. தெளிஞ்சு வந்தாப் பரவாயில்ல, மண்ணு உள்ளேயே இருக்குன்னு அர்த்தம். கலங்கி வந்துச்சுன்னா அணை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம். கலிங்கைத் தொறந்து விடுங்கய்யா."

வாழ்த்துநம்பி காதைப் பொத்திக்கொண்டார். "கசிவு என்று சொல்லாதே அம்மா! அந்தச் சொல் அணையின் தன்னம்பிக்கையைக் குலைக்கும்."

அன்று மாலையே முரசு அறைந்தார்கள். கசிவு என்ற சொல்லை நாட்டில் யாரும் பேசவோ எழுதவோ கூடாது. கரையடியில் தோன்றியிருப்பது மன்னரின் நல்லாட்சியை மெச்சிப் பூமித்தாய் சுரந்த அரச ஊற்று. பக்கத்திலேயே பெயர்ப் பலகை நட்டு, நான்கு பக்கமும் மஞ்சள் கயிறு கட்டினார்கள். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பலகைக்குப் பொட்டு வைத்துக் கும்பிடவும் செய்தார்கள். நம் ஆட்களைப் பற்றி என்ன சொல்ல?

இருந்தும் மனுக்கள் நிற்கவில்லை. வாசல் நனைகிறது, அடுப்படி ஈரமாக இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சேற்றுப்புண் வருகிறது என்று கரையடியிலிருந்து நாளுக்கு ஒன்றாக வந்தது. அமைச்சர் மூன்று நாள் யோசித்தார். ஈரம் காலில் பட்டால்தானே புகார்? வீட்டுக்கு நாலு ஜோடி ரப்பர் காலணி, முழங்கால் உயரத்துக்கு, மன்னரின் படம் போட்டு, இலவசம். கூடவே ஓர் ஆணை: அணையின் பின்பக்கம் யாரும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, காவல்காரி உட்பட. மனுக்கள் சட்டென்று நின்றன. 'கரையடியில் ஈரம் ஒழிந்தது' என்று அரண்மனைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதினார்கள்.

காலணி நன்றாகத்தான் இருந்தது. அதை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஒச்சாயி மட்டும் விடியுமுன் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு திருட்டுத்தனமாக நடந்தாள். அவள் மகள் மயிலு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தொட்டில் கட்டியிருந்த இடத்துக்கும் அரச ஊற்றுக்கும் முப்பது காலடி தூரம்தான். ஐப்பசி மழை வேறு ஊற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை அவள் ஊற்றில் கையை விட்டு அள்ளிப் பார்த்தாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. விரலிடுக்கில் மணல் நின்றது.

"யம்மா, நம்ம ஊரை விட்டுப் போயிருவமா?" என்றாள் மயிலு.

"நம்ம போயிரலாம்டி. நாப்பது வீட்டையும் எங்கிட்டுத் தூக்கிட்டுப் போக? கொஞ்சம் பொறு. நாளைக்கு மன்னரு பொறந்தநாளு. ஏரிக்கு வாராராம்."

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. பன்னிரண்டு நாள் குழந்தையின் தலைக்கு மேலே ஓர் ஏரி நிற்கிறது. அதை நிறுத்தியவர்கள் கேக் வெட்டத் தயாராகிறார்கள். போகட்டும், கதையைச் சொல்கிறேன்.

தன் முரசைத் தானே நம்பிவிடுவது மன்னர்களுக்கு வரும் நோய். மகிழ்வேந்தருக்கும் அது வந்திருந்தது. பிறந்தநாள் காலை படகில் ஏறப் போனவர் திடீரென்று நின்றார்.

"அமைச்சரே, பூமித்தாய் நமக்காகச் சுரந்த ஊற்றில் ஒரு வாய் தீர்த்தம் எடுத்துக்கொண்டு படகேறுவோம்."

வாழ்த்துநம்பியின் முகம் வெளிறியது. "மன்னா, ஊற்று இன்று... விடுமுறையில் இருக்கிறது."

"பூமித்தாய்க்கு ஏதய்யா விடுமுறை?" என்று மன்னர் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். பின்னால் குழு, அதன் பின்னால் குடை, அதன் பின்னால் நாதஸ்வரம். மஞ்சள் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒச்சாயி நின்றிருந்தாள். கயிற்றைத் தூக்கிப் பிடித்தவள் மன்னரின் காலைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சாமி, சாமி! தீர்த்தத்துக்குச் செருப்போடவா போவாக?"

மன்னர் திடுக்கிட்டார். எந்த ஆட்சி வந்தாலும் மாறாத வழக்கம் அது. புனிதமான இடத்தில் மன்னருக்கும் வெறுங்கால்தான். பொன் சரிகை வைத்த செருப்பை அவசரமாகக் கழற்றிவிட்டு, நான்கு ஆண்டுக்குப் பிறகு முதல்முறையாகத் தன் நாட்டு மண்ணில் பாதம் வைத்தார்.

கணுக்கால் வரை உள்ளே போனது.

"என்ன இது, குளிருகிறது! காலுக்கடியில் மண் ஓடுகிறதே! தண்ணீர் ஏன் இப்படிக் கலங்கி வருகிறது?"

"ஊற்று சற்று... உற்சாகமாக இருக்கிறது, மன்னா" என்றார் வாழ்த்துநம்பி. அவர் மேல் தவறில்லை. சரியான சொல்லை அவரே தடை செய்திருந்தார்.

மன்னர் ஒச்சாயியைப் பார்த்தார். "நீ சொல். என்ன இது?"

"சொல்லக் கூடாதுன்னு ஆணை இருக்கு சாமி. நிமிந்து பாத்துக்கிருங்க."

மன்னர் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை பொலிவான முகத்தை மட்டுமே காட்டிய அணையின் முதுகு அவர் தலைக்கு மேலே செங்குத்தாக நின்றது. ஈரத்தில் கறுத்து, நடுவே லேசாக வயிறு தள்ளியிருந்தது. அதன் உச்சிக்கும் மேலே, தண்ணீர் மட்டத்தில், ஓர் அன்னப் படகு மிதந்து போனது.

"என் தலைக்கு மேலே படகு போகிறது" என்று சன்னமான குரலில் சொன்னார் மன்னர்.

"எங்க தலைக்கு மேல தெனமும் போகுது சாமி."

அவர் ஓடப் பார்த்தார். சேறு விடவில்லை. குழுவினர் எப்போதோ மேட்டில் ஏறிவிட்டிருந்தார்கள். அங்கிருந்து ஒருவர், கலிங்கைத் திறக்கக் கோப்பு எழுதி ஒப்புதல் வாங்க மூன்று வாரம் ஆகும் என்று கத்தினார்.

"நான் இங்கே நிற்கிறேனடா!" என்று அலறினார் மன்னர். "உடையுங்கள் அந்தச் சுவரை!"

துளும்பாபுரியின் வரலாற்றிலேயே வேகமாக நிறைவேறிய ஆணை அதுதான். கரையடி ஆட்கள் கடப்பாரையோடு தயாராகவே இருந்தார்கள். கால்மணி நேரத்தில் சுவர் விழுந்தது. ஏரி நீர் ஊருக்கு வெளியே பழைய ஓடையில் திமுதிமுவென்று இறங்கியது. மர அன்னமும் அதோடு போயிற்று, அன்றைக்குத்தான் அது நீந்தவே கற்றுக்கொண்டது. சாயங்காலத்துக்குள் ஏரி ஓர் இடுப்பளவு உயரம் இறங்க, ஊற்றும் உற்சாகம் குறைந்து சொட்டுச் சொட்டாகி நின்றது. மயிலுவின் குழந்தை இத்தனை கூத்துக்கும் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் முரசு அறைந்தார்கள். ஆபத்தை முன்கூட்டியே கண்டறிந்தது மன்னரின் திருப்பாதம். அதற்கு வழிகாட்டியது அணை நலக் குழு. ஒச்சாயியின் பெயர் அதில் இல்லை. ஆனால் அணையின் பின்பக்கம் ஜல்லியும் மணலும் கொட்டி ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வகையில் சந்தோஷம்தான்.

அரசாங்கமும் பாடம் கற்றுக்கொண்டது. நாட்டில் இன்னும் இருபத்தேழு சின்ன அணைகள் இருந்தன. அவற்றைப் போய்ப் பார்ப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. இனி எந்தப் புனித ஊற்றுக்கும் மன்னர் செருப்போடு போகலாம் என்று சட்டம் திருத்தினார்கள்.

சட்டத்தை மாற்றினார்களே தவிர, வழக்கத்தை மாற்ற மறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு தேர்தல் வந்தது. வாக்குக் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றித்தானே ஆக வேண்டும்! முதலில் கரையடிக்கு வந்த வேட்பாளர் வெறுங்காலோடு, இரு கையும் கூப்பி, பல்லெல்லாம் தெரிய நின்றார்.

பேரனை இடுப்பில் வைத்திருந்த ஒச்சாயி, "வாக்குதானே, தாராளமாப் போடுவோம்" என்றாள். "அந்தா தெரியுது பாருங்க, அணைக்குக் கீழ பலகை நட்ட எடம். செருப்பு அப்பிடியே கெடக்கட்டும். அங்க போயி நில்லுங்க."

"நிற்கிறேன் தாயே! எவ்வளவு நேரம் நிற்கணும்?"

"நேரக் கணக்கில்ல அப்பு, மழைக்காலக் கணக்கு" என்றாள் ஒச்சாயி. "மொத்தம் அஞ்சு."