சாப்பாட்டு அறையில் ஒரு ஹார்விங்டன்

உயிரே போனாலும் என் ஹார்விங்டனை விற்க விடமாட்டேன் என்று அன்று காலை சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான். என் மனைவி ரோஸ்மேரி பக்கத்திலேயே ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள்.

1934-ல் செய்த ஸ்போர்ட்ஸ் கார். உலகத்திலேயே நாலுதான் மிச்சம். முதலில் வாங்கிய இளம் பிரபு அதே வாரம் அதைக் குளத்தில் இறக்கினான். அடுத்து ஒரு பாதிரியார்; அவர் ஓட்டிய வேகத்தில் ஊரே ஜெபம் செய்ததாம். யுத்த காலம் முழுக்கக் கோழிக் கொட்டகையில் கிடந்தது. கோழிகளுக்குப் பிறகு நான். கராஜில் ஈரம் என்பதால் சாப்பாட்டு அறைக்குள் கொண்டுவந்துவிட்டேன். ஜன்னலைச் சுவரோடு பெயர்க்க வேண்டியிருந்தது. எங்கள் ஷ்ராப்ஷயர் மாவட்டத்துக் குளிர் கொஞ்சம் உள்ளே வரும். அதற்கு ஒரு மனைவி இவ்வளவு கோபப்படுவாளா?

"மேசையில உக்காந்து சாப்பிட்டு மூணு கிறிஸ்மஸ் ஆச்சு, ஜெரால்ட்."

"நின்னுக்கிட்டு சாப்பிட்டா ஜீரணத்துக்கு நல்லதும்மா."

"நேத்து செஞ்ச கேக்குல பெட்ரோல் நாத்தம்."

"கார்புரேட்டரை அந்த அடுப்புலதான் காயவெச்சேன். தொடச்சுட்டுத்தானே வெச்சேன்!"

"பதினோரு மணிக்கு பார்ஜிட்டர்னு ஒருத்தர் வர்றாரு. அசல் வண்டின்னு அவருக்குத் திருப்தியானா கொடுத்துடறேன்னு எங்கம்மா முன்னாடி வாக்கு கொடுத்திருக்கீங்க. நீங்களே காட்டுங்க. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

காட்டும் பொறுப்பு என்னிடமா! பாவம், உலகம் தெரியாதவள். பழைய கார் பைத்தியங்களுக்கு இஞ்சின் மாறியிருக்கிறது என்று சொன்னால் போதும், திரும்பிப் பார்க்காமல் ஓடுவார்கள்.

பார்ஜிட்டர் நனைந்த மழைக்கோட்டோடு வந்தார். எனக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே காருக்கு முன்னால் மண்டியிட்டார்.

"அசல் இஞ்சினா சார்?"

"அசலா? பால் வண்டியில இருந்து கழட்டினது."

சொல்லும்போது காரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"சேசிஸ்? அடிச்சட்டம் அசலா?"

"நாலஞ்சு வண்டியோட துண்டு. எவனோ ஒட்டவெச்சிருக்கான்."

ரோஸ்மேரி டீ கொண்டுவந்து வைத்தாள். பார்ஜிட்டர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"நானும் அதேதான் நெனச்சேன். சுத்தப் போலி. உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க. முன்பக்கம்கூட பிஸ்கட் டின்னைத் தட்டி செஞ்ச மாதிரி இருக்கு."

டின்னா? எனக்குக் காது சுட்டது. ஜெயித்தாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு வாசலைக் காட்டியிருக்க வேண்டும்.

"பேசாம எடைக்குப் போட்டுடுங்க சார்."

"யோவ்! யாரைப் பாத்து போலிங்கற? குனிஞ்சு பாருய்யா! இஞ்சின்ல அடிச்ச நம்பர், சேசிஸ்ல அடிச்ச நம்பர், ரெண்டும் ஒண்ணா இல்லையா? இந்த வளைவு எவனுக்கு வரும்? சீட்டுக்கு அடியில பாரு, குளத்துச் சேறு! அதுக்கு மேல கோழி எச்சம்! இதைவிட அசல் இங்கிலாந்துலயே கிடையாதுய்யா!"

மூச்சு வாங்க நிமிர்ந்தேன். பார்ஜிட்டர் செக் எழுதிக்கொண்டிருந்தார். ரோஸ்மேரி அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். 'அவர் எதைச் சொன்னாலும் போலின்னு ஒத்துக்குங்க, அசல்னு அவரே நிரூபிச்சுடுவாரு'ன்னு உங்க வீட்டம்மா போன்லயே சொல்லிட்டாங்க."