கொச்சிக்கா அக்காவின் வாந்தி வைத்தியம்

மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் போகும் பாதையில் உள்ள அத்தனை வளைவுகளோடும் ஒவ்வொன்றாகச் சண்டை போட்டு ஜெயித்தவர் உலகத்திலேயே ஒரே ஒருவர்தான். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஹட்டனில் நாங்கள் துணி தைக்கும் காமண்ட் பெக்டரியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மிளகாயை எங்கள் மலையில் கொச்சிக்காய் என்போம். அவர் கொச்சிக்கா அக்கா. பெக்டரி பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட் அவருடையது. அந்த சீட்டில் தெரியாமல் உட்கார்ந்தவர்கள் அடுத்த நாள் பின்கதவு வழியாக ஏறுவார்கள்.

எங்கள் பாதையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் வயிற்றெரிச்சலும் புரியும். வெள்ளைக்காரன் தேயிலையைக் கீழே கொண்டுபோக ரோடு போட்டான். தேயிலைக்கு வயிறு கிடையாது. எங்களுக்கு உண்டு. நீர்த்தேக்கத்தைச் சுற்றி, மலையைச் சுற்றி, பிறகு ஏன் சுற்றுகிறோம் என்றே தெரியாமல் இன்னொரு தடவை சுற்றி, ஹட்டன் போய்ச் சேரும்போது பஸ்ஸில் பாதிப் பேர் முகம் பச்சையாக இருக்கும். மஸ்கெலியாவில் ஏறும்போதே கையில் எலுமிச்சம்பழம், இஞ்சித் துண்டு, மாங்காய் அச்சாறு. ஒருத்தி வயிற்றில் பழைய பேப்பரைச் சுற்றிக்கட்டிக்கொண்டு வருவாள். ஒருத்தி மாத்திரை போட்டுக்கொண்டு வந்து மெஷினில் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். எதுவும் உதவாது.

அதைவிட மோசம், வாந்தி வராதவர்கள் சொல்லும் புத்திமதி. பின் சீட்டில் ஒருத்தர் வடை தின்றுகொண்டே சொன்னார், "எல்லாம் மனசுதான் தங்கச்சி. மனசத் தைரியமா வச்சுக்கிட்டா வராது."

கொச்சிக்கா அக்கா என் மடியில் பாதி நிறைந்திருந்த பொலித்தீன் பையைப் பிடுங்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "மனசா? இந்தா, நல்லாப் பாருங்க. இதா மனசு?"

அதோடு அந்த மனிதர் வடையை விட்டுவிட்டார் என்று கேள்வி.

அக்காவுக்கும் ஒரு காலத்தில் எங்களைப் போலவே வாந்திதான். ஒரு நாள், இதோ வந்துவிட்டது என்ற நேரத்தில், யாரோ ஒரு தடியன் அவர் கால் கட்டைவிரலை மிதித்துவிட்டான். மிதித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, "கால உள்ள வைக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறான். அங்கே பிடித்த சண்டை நோர்வூட் தாண்டி, டிக்கோயா தாண்டி, ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகும் ஓயவில்லை. தேத்தண்ணி குடிக்கும்போதுதான் அக்காவுக்கு உறைத்தது: இன்றைக்கு வாந்தி வரவே இல்லை.

அன்று பிறந்தது வைத்தியம். கோபம் இருக்கிற வயிற்றில் குமட்டலுக்கு இடமில்லை என்பது அக்காவின் சித்தாந்தம். எலுமிச்சம்பழத்தைத் தூக்கி எறிந்தார். அதற்குப் பிறகு தினமும் காலையில் அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சண்டை.

பெரும்பாலும் டிரைவர் சுனில்தான் மருந்து. நல்ல சிங்களப் பையன், தமிழ் அரைகுறை, பொறுமை நிறைய. அக்காவுக்கு அவன் மல்லி, அதாவது தம்பி.

"மல்லி, ஹெமின் யன்ன! மெதுவாப் போன்னா ஒனக்கு எந்த பாஷையில சொல்லணும்? பஸ்ல ஆள் இருக்கோமா, மூட்ட இருக்கா?"

"அக்கே, மெதுவாதானே போறது?"

"இதா மெதுவு? ஒங்கம்மாவ ஏத்திக்கிட்டு இப்படித்தான் போவியா? அந்தம்மா நம்பர் குடு, நான் கேக்குறேன்!"

சில நாள் சுனில் நிஜமாகவே ஆமை மாதிரி போவான். அன்றைக்கு அக்கா திண்டாடிப் போவார். உடனே மெதுவாகப் போவதற்காகச் சண்டை. "நடந்து போனாக்கூட இந்நேரம் போயிருக்கலாம்!" டிரைவர் கிடைக்காவிட்டால் ஜன்னலை மூடியவள். ஜன்னலைத் திறந்தவள். யாரும் கிடைக்காவிட்டால் அரசாங்கம்.

நாங்கள் சிரித்தோம். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா கார்னிவலுக்குப் போகும்வரை சிரித்தோம். அங்கே ஊஞ்சல் கப்பல் என்று ஒன்று. காசு கொடுத்து வாந்தி எடுக்க மனிதன் கண்டுபிடித்த சாதனம். ஏறி உட்கார்ந்து ரெண்டு ஆட்டம் ஆடியதுமே எனக்கு உயிர் வாய்க்கு வந்துவிட்டது. அக்கா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே நெம்புகோல் பக்கத்தில் நின்ற ஆளைக் குறிவைத்துவிட்டார். கப்பல் கீழே வரும்போது மட்டும்தான் அவனுக்குக் கேட்கும். ஆகவே சண்டை தவணை முறையில் நடந்தது.

"யோவ், நிறுத்துன்னு..." மேலே போய் வந்து, "...சொல்றேன்ல, ஒனக்குக் காது..." மேலே போய் வந்து, "...கேக்குதா இல்லையா!"

அவனும் சளைக்கவில்லை. "டைம் இன்னும்..." நாங்கள் மேலே போய் வந்தோம். "...முடியலக்கா!"

இறங்கியபோது அத்தனை பேரும் புல்தரையில் குப்புற விழுந்து கிடந்தோம். அக்கா மட்டும் நேராக நடந்து போய் அந்த ஆளிடம் மீதிச் சண்டையைப் போட்டு முடித்துவிட்டு, கச்சான் கடலை வாங்கித் தின்றார். அன்றிலிருந்து நாங்கள் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் சுகந்தி வந்து சேர்ந்தாள். நல்லதண்ணிப் பக்கம் வீடு. அங்கிருந்து ஒரு பஸ் பிடித்து மஸ்கெலியா வந்து, பிறகு எங்கள் பஸ். இரண்டு பாதையின் வாந்தியையும் ஒரே வயிற்றில் சுமந்தவள். ஈ எறும்பிடம்கூட அதிர்ந்து பேசாத பெண். பெக்டரிக்கு வந்து மெஷினில் தலையைக் கவிழ்த்துக் கிடப்பாள். சூப்பர்வைசர் ஒரு நாள் வந்து, "இப்படியே படுத்துக் கெடக்கணும்னா வீட்டுலயே படுத்துக்க, நாளைக்கு வர வேணாம்" என்றார். அவளுக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். அப்பா இல்லை, அம்மாவுக்கு முழங்கால் போய், கொழுந்து பறிக்க மலை ஏற முடியாது.

அதைக் கேட்ட கொச்சிக்கா அக்கா எழுந்துபோய் அந்த சூப்பர்வைசரைக் கேட்ட கேள்விகளை இங்கே அச்சில் போட முடியாது. அதன் பிறகு காலையில் முதல் ஒரு மணி நேரம் அந்த மனிதர் எங்கள் வரிசைப் பக்கமே வருவதில்லை. சரி, அக்கா இந்தப் பெண்ணைத் தாங்கப் போகிறார் என்று நினைத்தேன்.

எங்கே தாங்கினார்? அடுத்த நாள் சுகந்தியைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இந்தப் பொட்ட யாரு வச்சது? பஸ் ஓடும்போது வச்ச மாதிரி கோணிக்கிட்டு நிக்குது. இதென்னா ஜடை? எலி வாலு இதவிட நல்லாருக்கும். ஏன் வாயத் தொறக்க மாட்டேங்குற, உள்ள பல்லு இல்லையா?"

சுகந்திக்குக் கோபம் வரவில்லை. அழுகை வந்தது. கூடவே வாந்தியும் வந்தது. மறு நாளும் அதேதான். அதற்கு மறு நாளும். மாதக்கணக்கில் அந்தப் பெண்ணைப் போட்டு வறுத்தெடுத்தார். எனக்குத் தாங்கவில்லை. இறங்கும் இடத்தில் மறித்துக் கேட்டேவிட்டேன்.

"ஏன்க்கா, வாயில்லாப் புள்ளையப் போட்டு இப்படிப் பண்றீங்க? ஒங்களுக்குப் பாவமாவே இல்லையா?"

"பாவம் பாத்தா வாந்தி நிக்குமா? அவளுக்குக் கோவம் வரணும் புள்ள. வந்துட்டா பொழைச்சுக்குவா."

"அழுகதானே வருது!"

"அழுக கோவத்துக்கு மொதப் படி. நீ சும்மா இரு."

நான் அதற்குப் பிறகு ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. அவருக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. என்னைத் திட்டிக்கொண்டே ஹட்டன் போய்விடுவார்.

வருஷா வருஷம் பெக்டரியில் ட்ரிப் கூட்டிப் போவார்கள். அந்த வருஷம் மேனேஜர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, தென்பக்கக் கடலுக்குப் போய் போட் ஏறித் திமிங்கிலம் பார்க்கப் போகிறோம் என்று பெரிய வரம் கொடுப்பதுபோல அறிவித்தார்.

"திமிங்கிலத்துக்கு நம்மளப் பாக்கணும்னா அது மஸ்கெலியாவுக்கு வரட்டும்" என்றார் அக்கா.

ஆனாலும் வந்தார். சுகந்தி யாரிடமோ, "நான் கடலையே பாத்ததில்ல" என்று சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது.

கரையில் நின்று பார்க்கும்போது கடல் அழகாகத்தான் இருந்தது. போட் துறைமுகத்தைத் தாண்டியதும் அதன் சுயரூபம் தெரிந்தது. எங்கள் ரோட்டிலாவது வளைவு எங்கே வருமென்று தெரியும். கடல் எந்தப் பக்கம் தூக்கும், எந்தப் பக்கம் போடும் என்று அதற்கே தெரியாது. அரை மணி நேரத்துக்குள் ஒரு பெக்டரியே கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் குனிந்திருந்தது. மேனேஜர் இரண்டு பெஞ்சுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தார். அந்தக் காட்சி ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

அக்கா வழக்கப்படி வைத்தியத்தைத் தொடங்கினார். போட்காரர் நடுத்தர வயது மனிதர், கையில் பைகளோடு சுற்றிக்கொண்டிருந்தார்.

"இதென்னா போட்டா, தொட்டிலா? ஓட்டத் தெரியாட்டி ஏன் ஆள ஏத்துறீங்க?"

அவர் சிரித்த முகத்தோடு, "ஹரி அக்கே, ஹரி" என்றார். சரி அக்கா, சரி.

"என்னா சரி? எல்லாரும் சாகக் கெடக்குறோம்!"

"ஹரி அக்கே."

எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளும் மனிதனோடு எப்படிச் சண்டை போடுவது? அக்கா மேனேஜரைப் பார்த்தார். அவர் திட்டு வாங்கும் நிலையில் இல்லை. கடைசியில் கடலைப் பார்த்தே கத்தினார். "கொஞ்ச நேரம் சும்மா நிக்க முடியாதா ஒனக்கு!" பதிலுக்குக் கடல் இன்னொரு தடவை தூக்கிப் போட்டது.

அக்கா உட்கார்ந்தார். வாய் மூடிக்கொண்டது. முகம் பால்மாப் பவுடர் மாதிரி வெளுத்துவிட்டது. வாந்தி வந்தது, வந்தது, ஒன்றும் இல்லாத பிறகும் வந்தது. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. உதட்டில் தண்ணீர் வைத்தாலும் இறங்கவில்லை. கரைக்குத் திரும்பவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

"என்னால முடியல புள்ள" என்றார் அக்கா. அவர் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. வயிற்றுப் பிரட்டலை மறந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவருக்குக் கண் செருகிக்கொண்டு போனது.

அப்போதுதான் சுகந்தி எழுந்தாள். அதுவரை எங்களோடு குனிந்து கிடந்தவள், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எந்திரிங்க! என்னா நடிப்பா? ஊரெல்லாம் வாய் காட்டுறீங்கள்ல, இப்ப எங்க போச்சு அந்த வாயி?"

நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சுகந்தியா?

"என் பொட்டு கோணலா? ஒங்க புத்திதான் கோணல்! என் ஜடை எலி வாலா? ஒங்க தலையில என்னா இருக்கு, தேங்கா நாரு! காலைல எந்திரிச்சா ஒங்க மூஞ்சியப் பாக்கணுமேன்னு நெனச்சாலே எனக்கு வயித்தக் கலக்கும். தெரியுமா? நான் வாந்தி எடுத்தது பஸ்ஸால இல்ல, ஒங்களால!"

அக்காவின் ஒரு கண் திறந்தது.

"என்னாடி சொன்ன?"

"காது கேக்கலையா? திரும்பச் சொல்லவா?"

"சொல்லு. சொல்லு பாப்போம்."

சொன்னாள். முதலில் சொன்னதைவிட மோசமாகச் சொன்னாள். அக்கா பெஞ்சைப் பிடித்து நிமிர்ந்தார். கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. "தேங்கா நாரா? யாரப் பாத்துத் தேங்கா நாருங்குற?" என்று குரலும் வந்துவிட்டது. பிறகு பிடித்தது பாருங்கள் சண்டை. அலை தூக்க, இவர் கத்த. அலை இறக்க, அவள் கத்த. நடுவில் யாரோ, "அந்தா! திமிங்கிலம்!" என்று கூச்சல் போட்டார்கள். சுகந்தி தலையைத் திருப்பினாள்.

"அங்க என்னா பார்வ? என்னையப் பாத்துப் பதில் சொல்லுடி!"

திமிங்கிலம் முதுகைக் காட்டியதாம், தண்ணீர் பீய்ச்சியதாம். கூச்சல் போட்டவரைத் தவிர எங்களில் யாரும் பார்க்கவில்லை. போட்காரரும் பார்த்துவிட்டு, "ஹரி, ஹரி" என்றார்.

கரையில் ஒரு தென்னை மரத்தடியில் இரண்டு பேரையும் உட்கார வைத்து இளநீர் கொடுத்தேன். அக்கா பாதி இளநீர் குடித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அதெல்லாம் நெசமாவே சொன்னியா?"

"செத்துருவீங்களோன்னு பயந்துதான்க்கா ஆரம்பிச்சேன். அப்புறம் பாத்தா நெசமாவே கோவம் வந்துருச்சு."

"அப்ப அம்புட்டும் நெசமா?"

"பாதிதான்க்கா நெசம்."

"எந்தப் பாதி?"

சுகந்தி இளநீரைக் குடிக்க ஆரம்பித்துவிட்டாள். அக்கா தன் தலைமயிரைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் கித்துல்கல தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது வெளியே மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சுகந்தி அக்காவின் இடது தோளில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தாள். அவள் பஸ்ஸில் தூங்கி நான் பார்த்தது அன்றுதான் முதல். கினிகத்தேனை வளைவுகள் ஆரம்பித்தன. சுனில் முதல் வளைவைச் சற்று வேகமாகவே எடுத்தான். எடுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தான். சத்தம் இல்லை. அடுத்த வளைவையும் எடுத்தான். சத்தம் இல்லை. அவனுக்கே பயம் வந்து, "அக்கே, சுகமில்லையா?" என்று கேட்டான்.

அக்கா உதட்டில் விரலை வைத்து, தோளில் கிடந்த தலையைக் கண்ணால் காட்டினார். சுனில் தானாகவே வேகத்தைக் குறைத்தான். ஆனாலும் வளைவு வளைவுதானே. கொஞ்ச தூரம் போனதும், அவருக்குப் பின் சீட்டிலிருந்த என் பக்கம் அக்காவின் வலது கை நீண்டது. கோபப்பட ஆளில்லாத முகம், மறுபடியும் வெளுத்திருந்தது. நான் பையைக் கொடுத்தேன்.

சத்தம் வராமல் வாந்தி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எடுத்தவர்களுக்குத் தெரியும். அக்கா அந்த ஏற்றம் முழுக்க எடுத்தார். இடது தோள் மட்டும் அசையவே இல்லை.